எத்தனை எச்.பி.? வாளையாறு முதல் குமுளி வரை கம்ப்ரசரின் வரலாறு

வீட்டுக் கொட்டகையில் வைத்துக்கொள்ள ஒரு கம்ப்ரசர் வாங்க வேண்டுமென்று பாலக்காட்டின் கிழக்கு எல்லையிலிருந்தோ மூணாறு மலையிலிருந்தோ ஒருவர் கோயம்புத்தூர்க் கடைக்கு வருகிறார். அவரிடம் கேட்கப்படும் முதற்கேள்வி பெரும்பாலும் ‘எத்தனை எச்.பி. வேணும்?’ என்பது. இரண்டாவது, டேங்க் எத்தனை லிட்டர் என்பது. கம்ப்ரசர் ஒரு நிமிடத்தில் எவ்வளவு காற்றைத் தரும் என்ற கேள்வி, அதாவது அந்த இயந்திரம் எதற்காக இருக்கிறதோ அந்தக் கேள்வி, கடைசியில் வரும். பல சமயம் வருவதேயில்லை. அறியாமை என்று இதைத் தள்ளிவிட முடியாது. இவ்வெல்லைப்புறத்தில் கம்ப்ரசர் எந்தெந்த வேலைகளின் வழியே வந்து சேர்ந்தது என்பதைப் பார்த்தால் அந்தக் கேள்விகளுக்கு ஒரு நூற்றாண்டின் காரணங்கள் இருப்பது புலப்படும்.

முதலில் இடம். பாலக்காடு மாவட்டமும் இடுக்கி மாவட்டமும் ஒன்றையொன்று தொடுவதில்லை. நடுவே ஆனைமலையும் வால்பாறையும் கிடக்கின்றன. இரண்டையும் இணைப்பது தமிழகத்தோடு அவை பகிர்ந்துகொள்ளும் எல்லையும், அவ்வெல்லையின் இருபுறமும் வாழும் தமிழ் பேசும் மக்களுமே. பாலக்காட்டின் பெரும்பகுதி சென்னை மாகாணத்து மலபார் மாவட்டத்தில் இருந்தது. சித்தூர் வட்டம் கொச்சி அரசைச் சேர்ந்தது. தேவிகுளமும் பீர்மேடும் திருவிதாங்கூரில் இருந்தன. 1956 நவம்பர் 1-இல் இவையனைத்தும் கேரளமாயின. இடுக்கி 1972-இல் தனி மாவட்டமாயிற்று. நிர்வாகம் திருவனந்தபுரத்துக்குப் போன பிறகும் இரும்புச் சாமானும் மோட்டாரும் பழுதுபார்ப்பும் கோயம்புத்தூர், பொள்ளாச்சி, தேனி, கம்பம் ஆகிய ஊர்களோடே இருந்தன. ஆகவே இப்பகுதியின் கருவி வரலாற்றைக் கேரள வரலாறாக மட்டும் எழுத இயலாது.

அழுத்திய காற்று உலக அரங்கில் பெருவிசையாக அறிமுகமானது மலையைக் குடையும் வேலையில். பிரான்சையும் இத்தாலியையும் இணைக்கும் ஃப்ரெஜு சுரங்கத்தில் 1857-இல் பணி தொடங்கிற்று. 1861 முதல் பொறியாளர் சொமெய்யே தம் காற்றுத் துளைப்பான்களை அங்கே இயக்கினார். நீராவி எந்திரத்தைச் சுரங்கத்துக்குள் கொண்டுபோனால் புகையால் ஆட்கள் மடிவர். காற்றையோ வெளியே நீர்விசையால் அழுத்திக் குழாய்வழி உள்ளே அனுப்பலாம். பாறையைத் துளைத்து முடித்த காற்றே தொழிலாளர்க்கு மூச்சுக்காற்றாகவும் ஆயிற்று. பத்தாண்டுகளில், 1871-இல், அச்சுரங்கம் திறக்கப்பட்டது. 1887-இல் பென்னிகுயிக் தலைமையில் தொடங்கி 1895-இல் நிறைவுற்ற பெரியாற்றுத் திட்டத்தில் மேற்கே ஓடிய நீரைக் கிழக்கே திருப்ப ஏறத்தாழ 5,700 அடி நீளத்துக்கு மலை குடையப்பட்டபோது, காற்றுத் துளைப்பான் பொறியாளர்கள் முப்பதாண்டு பழகிய கருவி.

எல்லைப்புறம் அழுத்திய காற்றின் ஓசையைப் பரவலாகக் கேட்டது இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில். பரம்பிக்குளம் ஆழியாறு திட்டத்தின் அணைகள் சில பாலக்காட்டு மலையில் கேரள மண்ணில் நிற்கின்றன. அவற்றின் நீர் சுரங்கங்கள் வழியே பொள்ளாச்சிச் சமவெளிக்கு வருகிறது. அணைகளும் சுரங்கங்களும் பெரும்பாலும் 1960களில் எழுந்தன. 1970-இல் கையெழுத்தான இரு மாநில ஒப்பந்தம் 1958 நவம்பரிலிருந்து செல்லும் என்று வைத்துக்கொள்ளப்பட்டது. அடுத்து இடுக்கித் திட்டம்: மூலமற்றத்தில் மலைக்குள்ளேயே மின்நிலையம் குடைந்து 1976-இல் இயக்கப்பட்டது. டீசல் கம்ப்ரசரும் அதிலிருந்து நீளும் ரப்பர் குழாயும் குழாய் நுனியில் ஜாக்ஹாமரும் என்ற காட்சி இம்மலைகளில் ஒரு தலைமுறைக்குப் பழகிப்போனது அப்போதுதான். உலர்துளைப்பில் எழும் கல்தூசு நுரையீரலைக் கெடுக்கும் என்பது அன்றே அறியப்பட்ட உண்மை. அணை வரலாறுகள் கனஅடிகளை எண்ணிய அளவுக்கு அந்த நுரையீரல்களை எண்ணவில்லை.

பாறைவேலையின் கம்ப்ரசர் அரசுத் திட்டத்தோடு வந்து திட்டத்தோடு போனது. ஊரில் தங்கிய கம்ப்ரசருக்கு வேறு பரம்பரை உண்டு. அது பேருந்திலிருந்து தொடங்குகிறது. 1920-இல் ஜி.டி. நாயுடு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரு பேருந்தை ஓட்டத் தொடங்கினார். காற்றடைத்த டயர் 1888-இல் டன்லப் கண்ட பொருள். டயர் வந்த இடமெல்லாம் காற்று வேண்டியிருந்தது. 1932-இல் பைக்காரா மின்சாரம் வந்து கோயம்புத்தூர் ஆலைகள் பெருகின. ஆலைக்குத் துணையாக வார்ப்படப் பட்டறையும் லேத்தும் மோட்டார்த் தயாரிப்பும் பெருகின. பேருந்துத் தொழிலில் வளர்ந்த இன்னொரு குடும்பத்திலிருந்தே 1960-இல் எல்ஜி எக்விப்மெண்ட்ஸ் தோன்றியது. அது தொடக்கத்தில் செய்தவை இரண்டு: பிஸ்டன் கம்ப்ரசர், மோட்டார்ப் பட்டறைக்கான கருவிகள். பேருந்தை ஓட்டியவர்களுக்கே பட்டறையில் எது இல்லை என்று தெரியும் என்பதால் இதில் வியப்பில்லை. பொள்ளாச்சிக்கு மேற்கே மலையில் அரசின் கம்ப்ரசர்கள் பாறையைத் துளைத்துக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், கோயம்புத்தூரில் பஞ்சர் கடைக்கான கம்ப்ரசர் உருவாகிக்கொண்டிருந்தது.

பஞ்சர் கடை இந்தக் கருவியைப் பற்றிய பொதுப்புத்தியை உருவாக்கிய முதற்பள்ளி. டயருக்குக் காற்றடிப்பது விட்டுவிட்டுச் செய்யும் வேலை. 30 லிட்டர் கொள்ளளவுள்ள கார் டயரை 20 பி.எஸ்.ஐ.யிலிருந்து 33-க்கு ஏற்ற, வெளிக்காற்றாகக் கணக்கிட்டால் 27 லிட்டர் போதும். அதை டேங்க் சில நொடிகளில் கொடுத்துவிடும். அடுத்த வண்டி வருவதற்குள் மோட்டார் டேங்க்கை நிரப்பிவிடும். இங்கே காற்றின் அளவு பற்றி யாரும் கவலைப்பட வேண்டியதில்லை. டேங்க் பெரிதா என்பதும் முள் எத்தனையில் நிற்கிறது என்பதும் போதும். டேங்க் லிட்டரைக் கேட்கும் வழக்கம் இங்கிருந்து வந்தது.

எச்.பி.யைக் கேட்கும் வழக்கம் தோட்டத்திலிருந்து வந்தது. வாளையாற்றுக்குத் தெற்கே வடகரப்பதி, எருத்தேம்பதி, கொழிஞ்சாம்பாறை என்று நீளும் சித்தூர் வட்டத்தின் கிழக்குப் பகுதி கேரளத்தின் பசுமைப் படத்துக்குள் அடங்காதது: மழைமறைவு நிலம், கரிசல் மண், கொங்குநாட்டுப் பயிர்முறை. மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் மதிப்பீடுகளில் சித்தூர் வட்டாரம் அளவுக்கு மீறி நீர் உறிஞ்சப்பட்ட பகுதியாக இடம்பெற்றிருக்கிறது. கிணறு வற்றிய இடத்தில் ஆழ்துளைக் குழாய் இறங்கியது. அந்தத் துளையைப் போடுவதும் காற்றுதான்: திருச்செங்கோட்டு ரிக் வண்டியின் சுத்தியல் துளையின் அடியில் நின்று அழுத்திய காற்றால் பாறையைக் கொத்துகிறது, கொத்திய தூளை அதே காற்று மேலே தள்ளுகிறது. துளை போட்ட பின் நீரை எடுத்ததும் பல இடங்களில் காற்றே. மேலே நிற்கும் கம்ப்ரசரிலிருந்து ஒரு சிறு குழாய் துளைக்குள் இறங்கும். காற்று குமிழியாகக் கலந்து நீரை இலேசாக்கி மேலே உந்தும். கொங்கு வட்டாரத்தில் ‘கம்ப்ரசர் போட்டிருக்காங்க’ என்றால் இன்றும் பலர் இதைத்தான் புரிந்துகொள்வர், பஞ்சர் கடையை அல்ல.

துளைக்குள் சுழலும் பாகம் ஏதுமில்லை. மணல் வந்தாலும் கெடாது. நீர் நின்றுபோனாலும் மோட்டார் கருகாது. ஆனால் மின்சாரத்தை விழுங்கும் முறை இது; நீர்மூழ்கி மோட்டாரோடு ஒப்பிட்டால் செலவிடும் ஆற்றலில் சிறுபங்கே நீராக மேலே வரும். மேலும், காற்றுக்குழாயின் கணிசமான நீளம் நீருக்குள் முழுகியிருக்க வேண்டும். நீர்மட்டம் இறங்க இறங்க அதே கம்ப்ரசர் குறைவாகவே தூக்கும். தமிழகப் பக்கத்தில் 1990 முதல் விவசாய மின்சாரம் அனைவருக்கும் கட்டணமின்றி வழங்கப்பட்டது. அங்கே ஒரு யூனிட்டுக்கு எவ்வளவு காற்று, எவ்வளவு நீர் என்று கணக்குப் பார்க்க விவசாயிக்குக் காரணமே இல்லாமற் போயிற்று. ஆனால் இணைப்புக்கு விண்ணப்பம் போட்டால் படிவம் கேட்பது எச்.பி.; அதிகாரி சரிபார்ப்பது எச்.பி.; இரண்டு தோட்டக்காரர் தம் வசதியை ஒப்பிட்டுக்கொள்வதும் எச்.பி.யால். உள்ளே போகும் விசை அரசு அங்கீகரித்த அளவாக இருந்தது. வெளியே வரும் பயன் யாரும் அளக்காத ஒன்றாக இருந்தது. வீட்டுக் கொட்டகைக்குக் கம்ப்ரசர் வாங்குபவர் கடையில் கேட்கும் கேள்வியை இந்த மின்வாரியப் படிவமே கற்றுக்கொடுத்தது என்று சொன்னால் மிகையாகாது.

இந்தக் கேள்வி எங்கே ஏமாற்றுகிறது என்பதற்குக் கொஞ்சம் எண் வேண்டும். இரண்டு எச்.பி. இயந்திரத்தின் தகட்டில் நிமிடத்துக்கு 8 கனஅடி என்று எழுதியிருக்கலாம். பெரும்பாலும் அது பிஸ்டன் பெயர்க்கும் கொள்ளளவு. உருளையில் எஞ்சும் காற்று, வால்வுக் கசிவு, சூடு ஆகியவை போக, 7 பார் அழுத்தத்தில் குழாய் நுனியில் கிடைப்பது 5 அல்லது 6 கனஅடி, அதாவது ஏறத்தாழ 150 லிட்டர். ஜீப்பின் கதவுக்குச் சாயம் அடிக்கும் ஸ்பிரே கன் நிமிடத்துக்குப் 10 கனஅடி, 280 லிட்டர், கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். பற்றாக்குறை 130 லிட்டர். 100 லிட்டர் டேங்க்கில் அழுத்தம் 8 பாரிலிருந்து 6-க்கு இறங்கும்போது கிடைக்கும் கையிருப்பு 200 லிட்டர் காற்று. ஆக ஒன்றரை நிமிடம் ஓடும். பிறகு அழுத்தம் சரிந்து சாயம் தெறிக்கும். டேங்க்கை இரட்டிப்பாக்கினால் மூன்று நிமிடம். டேங்க் காற்றை உண்டாக்குவதில்லை, சேமித்துத்தான் வைக்கிறது என்பதைப் பஞ்சர் கடை மறைத்துவைத்திருந்தது. சாயம் அடிக்கத் தொடங்கியவரிடம் அது வெளிப்பட்டுவிடுகிறது. அவர் டேங்க் போதவில்லை என்று நினைத்து இன்னும் பெரிய டேங்க் வாங்குவார்.

ஆகவே தேர்வு இயந்திரத்திலிருந்து தொடங்க முடியாது. கொட்டகையில் எந்தக் கருவி அதிக நேரம் ஓடும், அது நிமிடத்துக்கு எவ்வளவு காற்று குடிக்கும் என்பதே தொடக்கம். அதற்குமேல் மூன்றிலொரு பங்கு மிச்சம் வைத்து, பிஸ்டன் அளவை விட்டுவிட்டு, குறிப்பிட்ட அழுத்தத்தில் வெளிவரும் அளவைக் கேட்க வேண்டும். டயரும் தூசி ஊதுவதும் இடையிடையே நட்டுக் கழற்றுவதும் மட்டும் என்றால் சிறிய இயந்திரமும் நடுத்தர டேங்க்கும் தாராளம். சாயம் அடிப்பதென்றால், தேய்ப்பு இயந்திரம் ஓட்டுவதென்றால், கணக்கே வேறு.

பழைய கம்ப்ரசர் மலிவாகக் கிடைக்கும்போது இன்னொரு குழப்பம் நேர்கிறது. ஆழ்துளைக் கிணற்றுக்கென விற்கப்படும் கம்ப்ரசர், நிற்காமல் ஓடி, காற்றை நேரே குழாயில் விடுவதற்கானது. அதற்குப் பெரிய டேங்க்கோ தானாக நிறுத்தும் பிரஷர் சுவிட்சோ தேவையில்லை. பட்டறைக் கம்ப்ரசர் நின்று நின்று ஓடும். நீர்மூழ்கி மோட்டாருக்கு மாறியவர் தோட்டத்தில் விட்டுவைத்த இயந்திரத்தை வாங்கி வந்து, எங்கிருந்தோ கிடைத்த டேங்க் ஒன்றோடு பற்றவைத்து இணைப்பது ஒன்றும் புத்திசாலித்தனம் அல்ல. உருளை நன்றாக இருக்கலாம். அந்த டேங்க் எந்த அழுத்தத்துக்குச் செய்யப்பட்டது என்பது யாருக்கும் தெரியாது.

இடுக்கிப் பக்கம் போனால் கருவியின் குணமே சிறிது மாறுகிறது. பாலக்காட்டு நகரம் கடல்மட்டத்திலிருந்து நூறு மீட்டர்கூட இல்லை. மூணாறு ஏறத்தாழ 1,500 மீட்டர். அங்கே காற்றழுத்தம் கடலோரத்தைவிட ஆறில் ஒரு பங்கு குறைவு. பிஸ்டன் ஒவ்வொரு வீச்சிலும் அதே கொள்ளளவை இழுக்கும், ஆனால் அதற்குள் இருக்கும் காற்று குறைவு. சமவெளியில் 7 பார் காட்ட காற்றை எட்டு மடங்கு அழுத்தினால் போதும். மூணாற்றில் ஒன்பது மடங்குக்குமேல் அழுத்த வேண்டும். டேங்க் நிரம்ப நேரமாகும். தலைப்பகுதியும் வால்வும் கூடுதலாகச் சூடேறும். மின்மோட்டார்களின் திறன் பொதுவாக 1,000 மீட்டர் உயரம் வரைக்கும் 40 பாகை வெப்பத்துக்கும் குறிக்கப்படுவது; மலையின் குளிர் மோட்டாரை ஓரளவு காப்பாற்றிவிடும், காற்றின் குறைவை ஈடுசெய்யாது. தேனிப் பக்கமிருந்து கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியே ஏலத்தோட்டத்துக்கு ஆட்களை ஏற்றிச்செல்லும் ஜீப்புகளின் சொந்தக்காரர் மலைமேல் தம் கொட்டகைக்கு வாங்கும்போது, சமவெளியில் உறவினர் வீட்டில் நன்றாக ஓடும் அதே அளவை எடுத்துப் போனால் சற்றுக் குறையும். ஒரு படி பெரியதை எடுப்பது நல்லது.

மின்சாரமும் சேர்ந்தே முடிவு செய்கிறது. 1940-இல் பள்ளிவாசலில் கேரளத்தின் முதல் நீர்மின்நிலையம் இதே மலையில்தான் இயங்கத் தொடங்கியது. அதற்காக மலைவீட்டுக்கு வரும் மின்சாரம் நிலையாக இருக்கும் என்று பொருளில்லை. வீட்டின் சிங்கிள் ஃபேஸ் இணைப்பில் 3 எச்.பி. மோட்டார் ஓடும்போது 14, 15 ஆம்பியர் இழுக்கும். கிளம்பும் நொடியில் அது பல மடங்காகும். லைன் நீளமானால் அந்த நொடியில் வோல்டேஜ் படுத்துவிடும், மோட்டார் முனகி நிற்கும். இங்கேதான் எச்.பி. உண்மையிலேயே கேட்க வேண்டிய கேள்வியாகிறது: வீட்டு லைன் எத்தனை எச்.பி.யைத் தாங்கும் என்ற உச்சவரம்பாக. மோட்டாரோடு நேரே இணைந்த சிறு இயந்திரம் நிமிடத்துக்கு 2,800 சுற்று ஓடி அண்டைவீட்டையும் எழுப்பும். பெல்ட் போட்டது மெதுவாகச் சுற்றும், சூடும் ஓசையும் குறைவு, விலை கூடுதல். வீட்டை ஒட்டிய கொட்டகைக்குப் பெல்ட் போட்டதே தகும்.

கடைசியாகத் தண்ணீர். கம்ப்ரசர் காற்றோடு ஈரத்தையும் அழுத்துகிறது. 30 பாகை வெப்பமும் 80 விழுக்காடு ஈரமும் உள்ள ஒரு கனமீட்டர் காற்றில் 24 கிராம் நீராவி உண்டு. எட்டில் ஒரு பங்காக அழுத்திப் பழைய வெப்பத்துக்கு ஆறவிட்டால் 4 கிராமைத்தான் அது தாங்கும். மீதி 20 கிராம் டேங்க்கின் அடியில் நீராகத் தங்கும். நிமிடத்துக்கு 100 லிட்டர் தரும் சிறு இயந்திரம் ஒரு மணிநேரம் ஓடினால் அரைக்கால் லிட்டர் அளவுக்கு நீர். தைமாதத்துக் கிழக்குக் காற்றில் வடகரப்பதியில் இது குறையும். தென்மேற்குப் பருவத்தில் இடுக்கி எல்லையில் தினந்தோறும் திறந்துவிட வேண்டிய அளவு சேரும். திறந்துவிடாத டேங்க் அடிப்பக்கம் உள்ளிருந்து துருவேறும். வெளியே பெயின்ட் புதிதாக இருக்கும்.

8 பாரில் நிற்கும் 100 லிட்டர் டேங்க்கில் உள்ள ஆற்றல், ஒரு டன் எடையுள்ள வண்டியை ஆறேழு மீட்டர் உயரம் தூக்கப் போதுமானது. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் தன் 31-ஆம் பிரிவில் அழுத்தக் கலங்களைக் குறித்துப் பேசியது. ஆனால் அச்சட்டம் மின்விசையோடு பத்துப்பேர் வேலைசெய்யும் இடத்தை மனத்தில் கொண்டு எழுதப்பட்டது. மகனும் தகப்பனும் மட்டும் நிற்கும் வீட்டுக் கொட்டகை அதன் கண்ணில் படவில்லை. தொழிற்சாலை ஆய்வாளர் செய்திருக்க வேண்டியதை வாங்குபவரே செய்ய வேண்டியிருக்கிறது: தகட்டில் வேலை அழுத்தமும் சோதனை அழுத்தமும் பொறித்திருக்கிறதா, பாதுகாப்பு வால்வின் வளையத்தை இழுத்தால் காற்று சீறுகிறதா, அடித்திருகைக் கழற்றினால் வருவது தெளிந்த நீரா துருநீரா என்று பார்ப்பது. பழைய டேங்க்கைச் சோதிக்க வேண்டுமானால் நீரை நிரப்பி வேலை அழுத்தத்தின் ஒன்றரை மடங்குக்கு ஏற்றிப் பார்ப்பதே முறை; நீர் அமுங்காது, ஆகவே கலம் விட்டாலும் வெடிக்காமல் கசியும். காற்றை ஏற்றியே சோதித்துப் பார்ப்பவர்களும் உண்டு.

2017 ஜூலையில் சரக்கு சேவை வரி வந்த பின் வாளையாற்றில் வரிக்காக லாரிகள் நின்ற வரிசை மறைந்தது. கோயம்புத்தூரில் ஏற்றிய கம்ப்ரசர் அன்று மாலையே கொழிஞ்சாம்பாறைக் கொட்டகையில் இறங்கிவிடுகிறது. பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் அச்சிட்டிருப்பது இன்னும் எச்.பி.யும் லிட்டருமே, நிமிடத்துக்கு எவ்வளவு காற்று என்பது உள்ளே மடித்துவைத்த தாளில் இருக்கிறது.